ஹட்டனில் ஒரு பழைய லெப்டொப்பும் லினக்ஸ் மின்டும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. டியூஷனுக்கு நான் வைத்திருக்கும் லெப்டொப்பில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினேன். 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், அதுதான் இலகு.

முதலில் கோப்புகளை வெளி டிரைவில் பிரதி எடுங்கள். மின்ட்டை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு பெரியது, இரவு டேட்டாவில் இறக்குவது நல்லது. அதை விண்டோஸில் ஓடும் ரூஃபஸ் மென்பொருள் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, கணினியைப் போட்டவுடன் எஃப்12 (எச்பியில் எஃப்9) அழுத்தி அதிலிருந்தே தொடங்குங்கள். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கவில்லையா? போனை யூஎஸ்பி வயரில் மாட்டி இணையம் கொடுங்கள். நிறுவிய பின் டிரைவர் மேனேஜர் பெரும்பாலும் சரிசெய்துவிடும். மழைக்காலத்து கரண்டை நம்பாமல், பேட்டரி நிறைந்த பிறகே நிறுவத் தொடங்குங்கள்.

எங்கள் ஆட்களுக்கு உண்மையான தலைவலி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான். அதில் அடித்த பழைய வினாத்தாள்கள், மின்ட்டில் வேர்டுக்குப் பதிலாக வரும் லிப்ரேஒஃபிஸில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பழைய கணினியிலிருந்த பாமினி எழுத்துருக் கோப்பைப் பிரதி எடுத்து வாருங்கள். அதை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினாலே போதும். புதிதாக அடிப்பதை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடிலேயே அடியுங்கள். தமிழில் அடிக்க உதவும் ஐபஸ் எம்17என் (ibus-m17n) மென்பொருளைச் சேர்த்தால், இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும்.