ரம்ப வண்டிக்கு மோட்டார் பூட்டியதும் பலகையில் விழுந்த அலை

மரம் அறுக்க நானே செய்த பேண்ட் சா (வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) இயந்திரத்தில், ரம்பத்தைத் தாங்கித் தண்டவாளத்தில் ஓடும் ரம்ப வண்டியைக் கையால் தள்ளுவதற்குப் பதிலாக, பழைய காரின் 12 வோல்ட் வைப்பர் மோட்டாரைக் கொண்டு கம்பிக் கயிற்றால் இழுக்க ஏற்பாடு செய்தேன். கயிறு சுற்றும் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 6 மீட்டர் நகரும். அறுவைக்கு அது போதும்.

ஆனால் ரம்பம் மரத்தில் இறங்கியதும் வண்டி நின்று நின்று துள்ளியது. வேப்பம் பலகை முழுவதும் அலை விழுந்தது. புது பிளேடு போட்டும், அதன் இறுக்கத்தைக் கூட்டியும், பேட்டரி ஒயரைத் தடிமனாக மாற்றியும் பயனில்லை.

சக்கரங்களைக் கழற்றியபோதுதான் காரணம் புலப்பட்டது. முன் சக்கரத்தின் வி-பள்ளம் உட்சரிவில் மட்டும் பளபளத்தது. அதே பக்கத்துப் பின் சக்கரம் வெளிச்சரிவில் மட்டும் தேய்ந்திருந்தது. கயிறு ஒருபக்கம் மட்டுமே இழுத்ததால், வண்டி கோணலாகித் தண்டவாளத்தைக் கவ்வி, பிறகு விடுபட்டுப் பாய்ந்திருக்கிறது.

எனவே தண்டவாளக் கோடியில் குறுக்கே ஒரு ஷாஃப்ட் வைத்து, இரு முனைகளிலும் ஒரே அளவு உருளைகளைப் பொருத்தி, இருபுறமும் சமமாக இழுக்கச் செய்தேன். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: கயிறு தன்மேல் தானே ஏறிச் சுற்றினால் அந்த உருளையின் விட்டம் கூடி, அந்தப் பக்கம் முந்திக்கொள்ளும். 3 மில்லிமீட்டர் கயிறு 6 மீட்டருக்கு ஏறத்தாழ 45 சுற்று வருவதால், ஒரே அடுக்கில் அடங்க உருளையை 150 மில்லிமீட்டர் அகலமாக்கினேன். கணுவிலும் வண்டி இப்போது சீராக ஓடுகிறது; பெரிய நிம்மதி.