பழைய ட்ரையம்ப் கிளச்சில் கை வைக்கும்போது செய்யக்கூடாதவை

கிளச் வழுக்குதா, ஸ்பிரிங்கை இறுக்கு. திருகோணமலையில் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது இந்தப் பதில்தான். நானும் அப்படித்தான் இறுக்கினேன். லீவரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, கிளச் வழுக்கினபடியே இருந்தது. ஸ்பிரிங்கில் பிழை இருப்பது அபூர்வம். பிழை பெரும்பாலும் அதற்கு முன்னால் எங்கேயோ இருக்கும், அல்லது போன முறை பூட்டினவர் விட்டுப் போயிருப்பார். போன முறை பூட்டினவர் நீங்களாகவும் இருக்கலாம்.

இங்கே சொல்வது 1963 மாதிரியிலிருந்து வந்த, எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரே கூட்டில் இருக்கிற 650 சீசீ ட்ரையம்ப் மோட்டார் சைக்கிளுக்கு. அதன் கிளச்சில் மூன்று ஸ்பிரிங். முந்திய நான்கு ஸ்பிரிங் வகைக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் தவறு கழற்றும்போதே தொடங்கிவிடும். ஸ்பிரிங் நட்டின் அடியில் சின்ன மேடு இருக்கிறது, அது ஸ்பிரிங்கின் நுனியில் மாட்டிப் பூட்டிக்கொள்ளும். தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பலவந்தமாகத் திருப்பினால் நட்டின் வெட்டு கிழியும், ஸ்பிரிங் நுனியும் வளையும். பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் வாயில் நடுவில் ஒரு வெட்டு விழ அரத்தால் ராவுங்கள், நட்டின் நடுவே நிற்கிற ஆணியின் முனை அதற்குள் போய்விடும். இன்னொரு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ஸ்பிரிங் நுனியை மேட்டிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு திருப்பினால் நட்டு சுகமாகக் கழன்று வரும். மற்ற நட்டுகளுக்கு மெட்ரிக் ஸ்பேனர் போட வேண்டாம். இறுக்கமாகப் பிடித்த மாதிரித் தெரியும், பிறகு மூலைகள் உருண்டுவிடும்.

கிளச்சின் நடு நட்டைக் கழற்ற எஞ்சினை நிறுத்திப் பிடிக்க வேண்டும். எஞ்சினையும் கிளச்சையும் இணைக்கிற செயினுக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். பழைய கிளச் பிளேட் இரண்டை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்தால் கூடையும் (பிளேட்டுகளைச் சுற்றியிருக்கிற வெளிக்கூடு) ஹப்பும் (நடுப்பகுதி) சேர்ந்து பூட்டிக்கொள்ளும், கியரைப் போட்டுப் பின் பிரேக்கை மிதித்துக் கழற்றலாம். அடுத்து ஹப். அது கியர்பொக்ஸின் மெயின் ஷாஃப்டில் சாய்வான முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் ஷாஃப்டின் நுனியில் அடித்தால் அந்த அடி நேரே கியர்பொக்ஸ் பேரிங்குக்குப் போகும். ஹப்பின் உள்புரியில் திருகி இழுக்கிற பிரத்தியேக இழுவை இருக்கிறது, அதை வாங்குங்கள், இல்லையென்றால் லேத்துக்காரரிடம் கொடுத்துச் செய்வியுங்கள். செயினில் இணைப்பு இல்லாததால் கூடையும் எஞ்சின் பக்கப் பல்லுச்சக்கரமும் சேர்ந்துதான் வரும். அதனால் மின்சாரம் உண்டாக்குகிற ரோட்டரையும் ஸ்டேட்டரையும் முதலில் எடுத்திருக்க வேண்டும்.

இனி நான் செய்த பெரிய தவறு. கூடை 20 சின்ன ரோலர்களின் மேல் சுழல்கிறது. என்னுடையவை தேய்ந்திருந்தன. பேரிங் கடையில் கேட்டேன், கால் இஞ்சி விட்டம், கால் இஞ்சி நீளம் என்று எடுத்துத் தந்தார்கள். பார்த்தால் அப்படியே அதேதான். பூட்டி, லீவரை இழுத்து, உதைத்தேன். கிளச் விடவேயில்லை, எஞ்சினைப் பிடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் பிளேட்டைக் குறை சொன்னேன். விஷயம் என்னவென்றால் விட்டம் கால் இஞ்சி சரி, நீளம் அதைவிடக் கொஞ்சம் குறைய வேண்டும், 0.231 முதல் 0.236 இஞ்சி வரை. கால் இஞ்சி நீளமாக இருந்தால் ரோலர் இரண்டு பக்கமும் முட்டி, கூடை சுதந்திரமாகச் சுழலாது. வித்தியாசம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது, வேர்னியர் வைத்தால்தான் தெரியும். பூட்டும்போது கிறீஸில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் போடுங்கள். எனக்கு ஒருமுறை 19தான் வந்தது, மற்றது செயின் கூட்டின் அடியில் கிடந்தது.

பிளேட்டுகளுக்கு வருவோம். இங்கே கடற்காற்று, மாரி காலத்தில் இரண்டு மாதம் வண்டி நின்றாலே இரும்புப் பிளேட்டில் துரு தட்டிப் பக்கத்துப் பிளேட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் லீவரை இழுத்துப் பிடித்து இரண்டு மூன்று உதை உதைத்தால் விட்டுவிடும். கழற்றினால் இரும்புப் பிளேட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துச் சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீற்றர் தாள் எங்காவது உள்ளே போனால் நான் அந்தப் பிளேட்டைப் போடமாட்டேன். கூடையின் வெட்டுகளையும் கவனியுங்கள். பிளேட்டின் காதுகள் அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் காது அதில் மாட்டி, கிளச் இழுபடும். மெல்ல அரம் போட்டுச் சமப்படுத்தலாம். பள்ளம் ஆழமென்றால் கூடையே மாற வேண்டும்.

ஹப்புக்குள் இருக்கிற றப்பர்களைப் போடச் சிரமமாக இருக்கிறதென்று கிறீஸ் பூசாதீர்கள், சவர்க்காரத் தண்ணீர் போதும்.

ஒயில் விஷயத்தில் சண்டையே நடக்கிறது. 1970க்கு முந்திய 650களில் செயின் கூட்டுக்குத் தனி ஒயில், 350 சீசீ. அதில் கியர் ஒயில் ஊற்றினால் காலையில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு இழுக்கும். காருக்கென்று வரும், பெற்றோல் மிச்சம் பிடிக்கும் ஒயிலைப் போட்டால் வழுக்கும். டின்னில் ஜாசோ எம்.ஏ (ஒயிலில் நனைகிற மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கு ஏற்றதென்ற குறி) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1970 மாதிரிகளிலிருந்து எஞ்சின் ஒயிலே கூட்டுக்குள்ளும் வருவதால் அங்கே இன்னும் கவனம்.

கடைசியாக அட்ஜஸ்ட் பண்ணும் ஒழுங்கு, இதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். கேபிளை முதலில் இறுக்காதீர்கள், தளர விடுங்கள். பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் நடுத் திருகை, லீவரை இழுக்கும்போது அதைத் தள்ளுகிற தள்ளுகம்பியில் மெல்லத் தொடும்வரை உள்ளே திருப்பி, அரைச் சுற்றுத் தளர்த்தி, பூட்டு நட்டை இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் கேபிள், லீவரில் மூன்று மில்லிமீற்றர் அளவு ஆட்டம் இருக்கட்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் தள்ளுகம்பி எந்நேரமும் உரசி, நுனி சூடாகி நீலமாகிக் குறுகும்.

ஸ்பிரிங் நட்டுகளை ஆணிமுனையோடு சமமாக வைத்துத் தொடங்குங்கள். லீவரை இழுத்து உதைத்தால் பிரஷர் பிளேட் ஆடாமல் சுழல வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக வெளியே வந்தால் அந்தப் பக்க நட்டைக் கொஞ்சம் இறுக்குங்கள். மூன்றையும் ஒரே அளவாக முறுக்கினால் சரியென்று நினைக்காதீர்கள். மூன்று ஸ்பிரிங்கும் ஒரே பலத்தோடு வருவதில்லை.

பரிசோதிக்கக் கோட்டைக்குள்ளால் கோணேஸ்வரத்துக்கு ஏறும் பாதைதான் எனக்கு வசதி. மேல் கியரில் ஏற்றத்தில் முறுக்கினால் வழுக்கல் உடனே காதில் கேட்கும், சத்தம் ஏறும், வண்டி ஏறாது. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், கோயிலுக்கு வருகிற சனம். மற்ற நாட்களில் பாதையில் நிற்கிற மான்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.