மனதோடு மனம் பேசும் பாத்திரங்களை எழுதுவது எப்படி?

மாயாஜாலக் கதை எழுத வருகிறவர்கள் பலர் முதலில் கையில் எடுக்கும் சக்தி, அடுத்தவர் மனதைப் படிப்பது. முதல் அத்தியாயம் பிரமாதமாகப் போகும், மூன்றாவதில் கதை படுத்துவிடும். எல்லோர் மனதும் நாயகிக்குத் தெரியும் என்றால் வில்லன் எதைத்தான் மறைப்பான்? அதனால், அந்தச் சக்தியால் என்ன முடியாது என்பதை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நான் பெங்களூர்க்காரன் என்பதால் உதாரணமும் இந்த ஊர்தான். அல்சூரில் வசிக்கும் கயல். அண்ணன் முருகேசனும் அவளும் மனதால் பேசிக்கொள்வார்கள்.

படி 1: எல்லை போடுங்கள்

தூரத்துக்கு ஓர் எல்லை வேண்டும். அல்சூர் மெட்ரோ நிலையத்தில் அண்ணன் நினைப்பது அடுத்த நிலையமான டிரினிட்டி வரை கேட்கும், அதற்கடுத்த எம்.ஜி. ரோட்டில் கேட்காது. இப்போதே ஒரு காட்சி கிடைத்துவிட்டது. ரயில் டிரினிட்டியை விட்டு நகர்கிறது, அண்ணன் அப்போதுதான் முக்கியமான விஷயத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறான்.

எது தெரியும் என்பதற்கும் எல்லை வேண்டும். பதஞ்சலியின் யோக சூத்திரம் பிறர் சித்தத்தை அறியும் ஆற்றலைச் சொல்கிறது. அந்தச் சித்தம் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியாது என்று உடனே தடையும் போடுகிறது. ஆசை இருப்பது தெரியும், எதன் மேல் என்று தெரியாது. கதை எழுதுகிறவருக்கு இது புதையல். அண்ணன் பயந்திருப்பது கயலுக்குத் தெரிகிறது. கடன்காரனை நினைத்தா, போலீஸை நினைத்தா, அவளை நினைத்தேவா?

படி 2: விலை வையுங்கள்

பெரியபுராணத்தில் திருமூலர், இறந்துகிடக்கும் இடையன் மூலனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைக் கண்டு இரங்கி அவன் உடலில் புகுகிறார். கூடுவிட்டுக் கூடு பாய்வது சட்டென்று முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் சிக்கல். பொழுது சாய்ந்ததும் மூலனின் மனைவி வந்து நிற்கிறாள், இவர் உறவில்லை என்று விலகுகிறார். தன் உடலைத் தேடிப் போனால் வைத்த இடத்தில் அது இல்லை. உங்கள் பாத்திரத்துக்கும் இப்படித் திரும்ப முடியாத ஏதாவது ஒன்று நேர வேண்டும். வெறும் தலைவலியும் மூக்கில் ரத்தமும் போதாது.

படி 3: மனதின் தமிழைப் பிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. வாய் பேசும் தமிழ் வேறு, மனம் பேசும் தமிழ் வேறு. மேனேஜர் உள்ளே வருகிறார்:

"வாங்க சார், உக்காருங்க."
— வந்துட்டான். இன்னைக்கு யார் தலை உருளப்போகுதோ.

எது வெளியே, எது உள்ளே என்பதை மரியாதை விகுதியே காட்டிக்கொடுத்துவிட்டது. 'என்று மனதுக்குள் நினைத்தான்' எதற்கு? வாய்க்கு வாய் "அப்பா, அப்பா" என்கிற முருகேசன் மனதுக்குள் 'அந்தாளு' என்றுதான் சொல்கிறான் என்று கயல் ஒரு நாள் கேட்கட்டும். அந்தக் குடும்பத்தின் இருபது வருடம் அந்த ஒரு வார்த்தையில் வந்துவிடும்.

யார் மனதும் கேட்கும் என்று வைத்தால், மொழியையும் முடிவு செய்யுங்கள். பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரர் நினைப்பது கயலுக்குப் புரியக்கூடாது என்பேன். அவர் வீட்டு ஏக்கம் மட்டும் வந்து சேரட்டும்.

படி 4: ஒரே குறி

எண்ணத்துக்குச் சாய்வெழுத்து வேண்டாம். பல தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வு வடிவமே இல்லை. மென்பொருள் நேரெழுத்தைச் சும்மா சாய்த்துக் காட்டும், போனில் படிக்கக் கண் வலிக்கும். மேலே போட்டதுபோல் ஒரு கோடு போதும். கடைசி வரை அதையே வையுங்கள்.

படி 5: 'நான்' கலங்கட்டும்

தொடக்கத்தில் 'நான்', 'நீ' என்று பிரிந்தே இருக்கட்டும். நெருக்கம் ஏற ஏற 'நாம்' வரட்டும். அதன்பின்,

"அல்சூர் ஏரிப் படியில எனக்குக் கால் வழுக்கிச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் கயல்.

அம்மா சாம்பார்க் கரண்டியோடு திரும்பினாள். "வழுக்குனது உங்கண்ணன்டீ. நீ அப்ப பொறக்கவே இல்ல."

இப்போது உங்கள் முறை. எங்கள் ஊரில் நின்றே சாப்பிடும் சின்ன ஓட்டலைத் தர்ஷினி என்போம். அப்படி ஒரு தர்ஷினியில் நின்றபடி காபி குடிக்கும் இரண்டு பேர். ஒரு பக்கம் எழுதுங்கள். 'நினைத்தான்', 'நினைத்தாள்' எங்கேயும் வரக்கூடாது. ஒருவருக்கு மற்றவரிடம் மறைக்க ஒரு விஷயம் இருக்க வேண்டும்.