டிரிப்புக்கு ஆசிட் விடும் முன் ஒரு வாளித் தண்ணீர்

எங்கள் தென்னந்தோப்பு பல்லடத்துக்குத் தெற்கே. போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்த உப்புதான் சொட்டுநீர்க் குழாயின் டிரிப்பரையும் அடைக்கிறது. போன வருடம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன் கிணற்றுத் தண்ணீருக்கு விட்ட ஆசிட் அளவையே நானும் விட்டேன். ஒரு டிரிப்பர்கூடத் திறக்கவில்லை. இரண்டு தண்ணீருக்கும் பி.எச். (அமிலத்தைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) 8தான்! ஆனால் ஆசிட்டை முதலில் தின்பது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். என் போரில் அது அதிகம்.

அதனால் பி.எச். 4க்கு வர எவ்வளவு ஆசிட் வேண்டும் என்று முதலில் வாளியில் அளந்துவிடுங்கள். 10 லிட்டர் தண்ணீர், ஊசி கழற்றிய சிரிஞ்ச், பி.எச். தாள், 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் விடுகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

என் தண்ணீரில் 2 மில்லிக்கு பி.எச். 7க்கு வந்தது. 5 மில்லிக்கு 6. சோடா மாதிரிக் குமிழ் விடும்; பைகார்பனேட் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது. 7 மில்லிக்கு 5 சொச்சம். இங்கேதான் அவசரப்படக் கூடாது. பி.எச். விழாமல் காத்த பைகார்பனேட் தீர்ந்துவிட்டது, இனி கால் கால் மில்லிதான். ஏழே முக்காலில் 4ஐத் தொட்டது. ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியது என்று கணக்கு. மழைத் தண்ணீரில் இதைச் செய்து பாருங்கள், சில துளிகளிலேயே 4க்குக் கீழே விழுந்துவிடும்.

அப்புறம் பெருக்கல். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு 8 லிட்டர் டிரிப்பர் நான்கு: மணிக்கு 2,240 லிட்டர், கால் மணி நேரத்துக்கு 560. ஆசிட் சுமார் 435 மில்லி. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கலந்து வெஞ்சுரியில் (கரைசலை உறிஞ்சிக் குழாய்க்குள் விடும் கருவி) கால் மணி நேரம் இழுக்க விடுங்கள். கடைசி மரத்து டிரிப்பரில் தாளை நீட்டுங்கள். 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

மறுநாள் குழாய்க் கடைசியில் இருக்கும் மூடியை, எண்ட் கேப்பை, கழற்றி ஓடவிட்டால் முதலில் மோர் மாதிரிதான் வரும். தெளிந்த பிறகு மாட்டுங்கள்.