மேற்காசிய வரலாற்றில் நாம் வழுக்கி விழும் இடங்கள்

ஈரானை அரபு நாடு என்று எழுதுகிற வழக்கம் நம் பத்திரிகைகளில் இன்னும் ஒழியவில்லை. ஈரானின் ஆட்சிமொழி பாரசீகம். அரபு என்பது முதலில் மொழி சார்ந்த அடையாளம், மதம் சார்ந்தது அல்ல. அரபு தேசியம் பேசிய பாத் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான மிஷெல் அஃப்லக், டமாஸ்கஸில் பிறந்த கிறிஸ்தவர். சரி, இது ஒரு வரியில் திருத்திவிடக்கூடிய பிழை.

ஆழமாக வேரோடியது இன்னொன்று: "ஷியாவும் சன்னியும் 1400 வருஷமாகச் சண்டை போடுகிறார்கள்." எந்தப் போர் வந்தாலும் இந்த வாக்கியத்தைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இதை நம்புகிறவர்கள் 1962இல் ஏமனில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அந்த செப்டம்பரில் ராணுவ அதிகாரிகள் தலைநகர் சனாவில் மன்னரான இமாம் முகமது அல்-பத்ரின் அரண்மனையை டாங்கிகளால் தாக்கிக் குடியரசை அறிவித்தார்கள். இமாம் தப்பி வடக்கு மலைகளுக்குப் போனார். அவர் ஷியாவின் ஒரு கிளையான ஜைதி பிரிவின் தலைவர். அவருக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது யார்? சன்னி அரச குடும்பம் ஆளும் சவூதி அரேபியா. எதிர்ப்பக்கத்தில், குடியரசைக் காக்கப் பல்லாயிரம் படைவீரர்களை அனுப்பியவர் எகிப்தின் அதிபர் நாசர், அவரும் சன்னிதான். பக்கத்து வீட்டில் மன்னராட்சி கவிழ்ந்தால் அடுத்தது நம் வீடோ என்பதே சவூதி மன்னராட்சியின் கவலை. அதே ஜைதி மலைப்பகுதியிலிருந்து கிளம்பிய ஹூதிகள் என்ற ஆயுத இயக்கத்தின் மீது 2015இல் குண்டு போட்டதும் அதே சவூதிதான். இடைப்பட்ட காலத்தில் மதப்பிரிவு மாறிவிடவில்லையே!

1980இல் ஷியா நாடான ஈரான் மீது படையெடுத்த ஈராக் அதிபர் சதாம் உசேனின் காலாட்படையில் பெரும்பாலோர் ஷியாக்கள். சதாமின் பாத் கட்சியின் இன்னொரு பிரிவு ஆண்ட சிரியாவோ, அரபு நாடான ஈராக்கை விட்டுவிட்டு ஈரான் பக்கம் நின்றது.

அதற்காக மதப்பிரிவுக்கு வேலையே இல்லை என்று மறுகோடிக்கு ஓடுவதும் தவறு. 2003 ஜூலையில், அமெரிக்க ஆக்கிரமிப்பின்கீழ் ஈராக்கில் 25 பேர் கொண்ட ஆளும் குழு அமைந்தது. 13 ஷியா, 5 சன்னி அரபு, 5 குர்து, ஒரு துர்க்மன், ஒரு அசீரியர் என்று எண்ணி உட்காரவைத்தார்கள். அப்புறம் கட்சிகளும் அமைச்சகங்களும் அந்தக் கணக்கிலேயே பிரிந்தன. பகை எப்போது, யாரால் அரசியலாக்கப்பட்டது என்று கேட்டால் தேதியே கிடைத்துவிடும்.

அடுத்தது சைக்ஸ்–பிக்கோ: முதல் உலகப் போரின்போது ஒட்டோமான் பேரரசின் அரபுப் பகுதிகளைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கிட்டுக்கொண்ட ரகசிய ஒப்பந்தம். இன்றைய எல்லைகளெல்லாம் அதில் போட்ட கோடுகள்தான் என்பார்கள். 1915 டிசம்பரில் லண்டனில் வரைபடத்தை விரித்து, ஏக்கர் நகரத்தின் (நிலம் அளக்கும் ஏக்கர் அல்ல, ஊர்ப்பெயர்) ஆங்கிலப் பெயரில் கடைசி எழுத்திலிருந்து கிர்குக்கின் கடைசி எழுத்துவரை கோடு போடலாம் என்றார் பிரிட்டனின் மார்க் சைக்ஸ். கதை சுவையானது, அதனால்தான் இவ்வளவு பரவியது. ஆனால் அந்தக் கோடு இன்றைய எல்லை அல்ல. 1916 ஒப்பந்தப்படி மோசூல் பிரான்சின் பங்கு. இன்று அது ஈராக்கில் இருக்கிறது. துருக்கியைக் கூறுபோட்ட 1920ஆம் ஆண்டின் செவ்ர் ஒப்பந்தத்தை துருக்கியத் தளபதி முஸ்தபா கமாலின் படைகள் போரிட்டுச் செல்லாததாக்கின. பிரிட்டனும் பிரான்சும் செய்த அநியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் இரண்டு ஐரோப்பியர்களின் பென்சிலில் ஏற்றினால், அந்த மண்ணில் சண்டையிட்டவர்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள்.

துனீசியாவின் 2011 எழுச்சியைப் 'பேஸ்புக் புரட்சி' என்பதும் அதே ரகம். கைப்பேசிக் காணொளிகள் உதவின, மறுக்கவில்லை. ஆனால் 2008லேயே கஃப்சா பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் மாதக்கணக்கில் போராட்டம் நடந்திருந்தது. 2011 ஜனவரியில் தொழிற்சங்கக் கிளைகள் ஊர் ஊராக வேலைநிறுத்தம் அறிவித்தன. 12ஆம் தேதி ஸ்பாக்ஸ் நகரம், 14ஆம் தேதி தலைநகர் துனிஸ். அன்று மாலையே அதிபர் பென் அலி விமானம் ஏறினார். இறங்கியது சவூதியின் ஜெத்தாவில்.