மட்டக்களப்புக் கூத்துத் தாளத்தோடு ராக் ஆல்பம் செய்ய

கூத்தின் ஒரு பாணியான வடமோடியின் தாளத்தை கிட்டாரோடு கலக்கப் போகிறீர்களா, சரி, மத்தளத்தையும் சல்லரியையும் (கைத்தாளம்) முதலில் பதியுங்கள், அதுவும் கிளிக் (வேகம் பிசகாமல் இருக்கக் காதில் கேட்கும் டிக்-டிக் ஒலி) இல்லாமல், ஏனென்றால் கூத்தை நடத்தும் ஆசிரியரான அண்ணாவியார் வேகத்தைத் தன் போக்கில் ஏற்றி இறக்குவார், அந்த உயிர்தான் ஆல்பத்துக்கே வேண்டும். அதற்கேற்ப மென்பொருளில் டெம்போ மேப் (வேகம் எங்கெங்கே மாறுகிறது என்ற குறிப்பு) போட்டு, அப்புறம் ட்ரம்ஸ், கிட்டார் எல்லாம் சேர்க்கலாம். மத்தளத்தின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வையுங்கள். கனத்த ஓசை வரும் பக்கம் பேஸ் கிட்டாரோடு மோதும். நான் என்றால் பேஸ் கிட்டாரைத்தான் குறைப்பேன். 24 பிட் பதிவு போதும்.

வெளியீட்டுக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்பே பாட்டுகளை விநியோகத் தளத்தில் (ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்குப் பாட்டை அனுப்பும் சேவை) ஏற்றுங்கள், ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாளாவது வேண்டும். அண்ணாவியாரின் பெயரைக் கலைஞர் வரிசையிலேயே போடுங்கள், வருமானப் பங்கையும் பதிவுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.