லென்ஸை அளக்கிறோமா, லாரியையா?

தண்டையார்பேட்டையில் மாடி அறையில்தான் என் லென்ஸ் சோதனை எல்லாம். முதல் தடவை ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸை அளந்தபோது எம்டிஎஃப் (கோடுகளின் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தில் எவ்வளவை லென்ஸ் படத்துக்குக் கொண்டுவருகிறது என்ற எண்) 1.15 என்று வந்தது. அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள்தான் உறைத்தது: 1 என்பதே உச்சம். கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை லென்ஸ் குறைக்கும், கூட்டாது.

கணக்கு எளிது. வெளிச்சத்தின் உச்ச அளவிலிருந்து தாழ்வைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 90-ம் 10-ம் என்றால் 0.8. கோடுகள் நெருங்க நெருங்கக் கறுப்பு வெளுக்கும், வெள்ளை மங்கும். 60-ம் 40-ம் ஆகிவிட்டால் 0.2. மில்லிமீட்டருக்கு எத்தனை ஜோடிக் கோடுகள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது, ஊர் பேர் இல்லாத விலாசம்.

என்னைக் கவிழ்த்தது ஜேபெக். கேமரா உள்ளேயே விளிம்புகளைக் கூர்மையாக்கி, டோன் கர்வையும், அதாவது இருட்டு வெளிச்ச அளவுகளின் விகிதத்தையும், வளைத்துவிடுகிறது. ஷார்ப்பனிங்கைப் பூஜ்யத்தில் வைத்தாலும் கர்வ் போகாது. கேமரா மெருகேற்றாத ரா கோப்பையே அளக்கும் மென்பொருளுக்குக் கொடுங்கள்.

அடுத்த வில்லன் அதிர்வு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் எங்கள் தரையை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் போகும். ட்ரைபாட் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறேன். வளையம் அடங்கிய பிறகுதான் டைமரைத் தட்டுவேன். ஆட்டோஃபோகஸையும் நம்புவதில்லை. ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பத்துப் படம் எடுத்து, உச்சம் வந்ததை வைத்துக்கொள்வேன்.

சார்ட்டில், அதாவது படம் எடுக்கும் சோதனை அட்டையில், மென்பொருள் அளக்கும் கறுப்பு வெள்ளை விளிம்பை நேராக ஒட்டாதீர்கள், 5 டிகிரி போலச் சாயட்டும். சார்ட் கோணலாக இருந்தால் ஒரு மூலை மங்கும். பழி லென்ஸ் மேல் விழும். நடுவில் சின்னக் கண்ணாடி ஒட்டிப் பாருங்கள்: லென்ஸின் பிம்பம் படத்தின் நடுவில் தெரிந்தால் நேர். லென்ஸின் துளையை எஃப்/16 வரை சுருக்கி அளந்து திட்டுவதும் நியாயமில்லை. குறையே இல்லாத லென்ஸும் அங்கே பச்சை ஒளியில் மில்லிமீட்டருக்குச் சுமார் 113 ஜோடிக் கோடுகளில் பூஜ்யமாகிவிடும். லென்ஸ் கம்பெனி தரும் எம்டிஎஃப் வரைபடத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். அவற்றில் பல கணினிக் கணக்கு. நாம் அளப்பதிலோ சென்சாரும் சேர்ந்திருக்கிறது.

கடல் காற்றின் உப்புப் படலம் இந்த எண்ணில் பெரிதாகத் தெரியாது. இப்படி விளிம்பை வைத்து அளக்கும் முறையில் தொடக்கப் புள்ளியை (மிக அகலமான கோடுகளுக்கான எண்ணை) 1 என்று வைத்துவிடுவதால், படம் முழுக்கப் பரவும் வெளுப்பு கணக்கிலிருந்து நழுவிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் பால் போலத் தெரியும். நல்ல எண் வாங்கிய அந்த 50 மி.மீ.யோடு காசிமேட்டுக்கு விடியற்காலையில் போனேன். சூரியனுக்கு எதிரே நின்ற விசைப்படகின் கறுத்த பக்கவாட்டுப் பலகை, படத்தில் சாம்பலாக வந்திருந்தது.